தனியார் நடுக்கம்

பாயா மெங்குவாங் டவுனில் மலேரியா ஒழிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. தீர்மானத்தை முன்மொழிந்தவர் நகர சபைத் தலைவர் பரஞ்சோதி. வழிமொழிந்தவர் காரியதரிசி நடராஜா. எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. கொசுக்களின் தரப்பில் பேச யாரும் வந்திருக்கவில்லை.

அந்தத் தீர்மானத்தின் அடியில் ரேகை வைத்தவன் அய்யாவு. சபையில் கொசு எண்ணெய் அடிக்கிற வேலை அவனுக்கு. எண்ணெய்க்காரனே கொசு இல்லை என்று ஒப்புக்கொண்டால்தான் தீர்மானம் செல்லும் என்று நடராஜா விளக்கிச் சொல்லி, அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். அப்போது அவன் கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. சபையின் முன்னால் அதை அடிப்பது மரியாதை இல்லை என்று அய்யாவு விட்டுவிட்டான்.

பீடோங்கிலிருந்து ஆறு கல் தள்ளி, இரண்டு வரிசைக் கடைகளும் ஒரு சந்தைக் கொட்டகையும் சுற்றிலும் ரப்பர்க் காடுமாக இருந்த ஊர் அது. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே சானிட்டரி போர்டு என்று ஒன்று இருந்தது. அதில் அய்யாவு பதினெட்டு வருஷம் எண்ணெய் அடித்தான். முதுகில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு, கைப்பம்பால் லோங்காங் என்கிற சாக்கடை, சதுப்பு, தோட்டத்து ஓரக் குட்டை என்று ஒன்று விடாமல் கறுப்பெண்ணெய் தெளிப்பான். குளித்தாலும் அந்த வாடை போகாது. கோயில் கூட்டத்தில்கூடக் கண்ணை மூடிக்கொண்டே புருஷனைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவன் மனைவி இராசாத்தி சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீடு. இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்து பழகியவர்கள்.

ஜப்பான்காரர் வந்ததும் போர்டை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஓடினார். கடைசிப் பீப்பாய் எண்ணெயைச் சிப்பாய்கள் லாரிக்கு ஊற்றிக்கொண்டு போனார்கள். போர்டு போய் நகர சபை வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஆள் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்த பரஞ்சோதி அதற்குத் தலைவர் ஆனார். தோட்டத்தில் இருநூறு பேருக்குப் பேர் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு. மூன்று பேர் உட்கார்ந்த கூட்டத்திலும் அதே குரலில்தான் பேசுவார்.

முதல் பட்ஜெட் கூட்டத்துக்கு அய்யாவுவைக் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தினார்கள். எண்ணெய் கிடைக்காததால் எண்ணெய்ச் செலவு இல்லை என்றும், இல்லாத செலவு சபைக்கு லாபம் என்றும் முடிவானது. அந்த லாபத்தில் மெயின் ரோட்டில் ஒரு வரவேற்பு வளைவு கட்டுவது என்று அடுத்த முடிவு. சுங்கைப் பட்டாணியிலிருந்து ஜப்பானிய அதிகாரி வருஷத்துக்கு இரண்டு முறை அந்த வழியாகப் போவார். வளைவு இருந்தால் ஒருவேளை நிற்பார்.

எண்ணெய் இல்லையென்றால் தன் வேலை என்ன ஆகும் என்று அய்யாவு கேட்டான். அவன் வேலை பத்திரம் என்றார் தலைவர். ஆள் பட்டியலில் எண்ணெய்க்காரன் ஒருவன் இருக்கிறான். பட்டியலில் இருப்பவன் ரோட்டிலும் இருக்க வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் தண்ணீர் அடிக்கட்டும்.

தண்ணீர் அடித்தால் கொசு கூடத்தானே செய்யும் என்றான் அய்யாவு. தலைவர் எழுந்து நின்றார்.

"எண்ணெய் அடிக்கிறது வெள்ளைக்காரன் பழக்கம். அவன் ஜனங்க காசைக் கொண்டுபோய் சாக்கடையில ஊத்தினான். நம்ம சபை அந்தத் தப்பைச் செய்யாது. கொசு எண்ணெய்க்குப் பயப்படல. டின்னைக் கட்டிக்கிட்டு ஒரு மனுசன் வர்றானே, அந்த அதிகாரத்துக்குத்தான் பயப்பட்டுச்சு. அந்த அதிகாரம் இன்னும் நம்மகிட்டதான் இருக்கு."

எண்ணெய்க்காரர் ஒரு சந்தேகம் எழுப்பினார், சந்தேகம் தீர்க்கப்பட்டது என்று நடராஜா குறிப்பில் எழுதிக்கொண்டார். மறுநாள் முதல் அய்யாவு தண்ணீர் அடித்தான்.

அடுத்த மழைக்குப் பிறகு கொசு மேகமாக எழும்பியது. சபை கூடி, கொசு ஒழிப்பைப் பொதுமக்களிடமே ஒப்படைத்தது. வீட்டுக்கு வீடு வாரம் முப்பது கொசுவைத் தீப்பெட்டியில் போட்டுச் சபையில் கட்ட வேண்டும். கட்டினால்தான் அரிசிச் சீட்டில் முத்திரை. எண்ணி வாங்குவது அய்யாவு வேலை. முதல் வாரம் ஜனங்கள் திண்டாடினார்கள். இரண்டாவது வாரம் கொஞ்சம் தெளிந்தார்கள். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுச் செல்லாயி நூற்றிருபது கொண்டுவந்தாள். எப்படி என்று அய்யாவு கேட்டதற்கு, கொல்லையில் நாற்பது தேங்காய்ச் சிரட்டையில் மழைத் தண்ணி பிடித்து வைத்திருப்பதாகவும், அவன் கேட்டால் வீட்டுக்கு நாலு சிரட்டை தருவதாகவும் சொன்னாள். அரிசிக்காக ஊரே கொசு வளர்த்தது.

மாதக் கடைசியில் பதினோராயிரம் கொசு பிடிபட்டதாகச் சபை பெருமையோடு எழுதி அனுப்பியது. ஒரு வரியில் பதில் வந்தது. உங்கள் ஊரில் ஏன் இத்தனை கொசு என்று அதிகாரி கேட்டிருந்தார். அதோடு, மலேரியா ஒழிந்த ஊர்களுக்கு இரண்டு மூட்டை அரிசி பரிசு என்று ஒரு சுற்றறிக்கையும் இணைக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

மலேரியா ஒழிந்த ஊரில் மலேரியா மருந்து இருந்தால் கேள்வி வரும். ஆகவே சபை அலமாரியில் இருந்த கொயினா மாத்திரைப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று தீர்மானத்தின் இரண்டாம் பகுதி சொன்னது. பெட்டியைத் தோளில் சுமந்துபோய் லாரியில் ஏற்றியவனும் அய்யாவுதான். பரிசு அரிசி வந்து சபை உறுப்பினர்களின் நேரடிக் கண்காணிப்பில் வைக்கப்பட்டது. ஒன்பது நாளில் கண்காணிப்பு முடிந்தது. சாக்குகள் இரண்டும் நல்ல நிலையில் திரும்பி வந்தன.

பெட்டி போன பதினாறாம் நாள் இராசாத்தி படுத்தாள்.

மத்தியானம் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தவள், குளிருது என்றாள். வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அய்யாவு வீட்டில் இருந்த இரண்டு சாக்கையும் போர்த்தி, அதன்மேல் தானும் கவிழ்ந்து அணைத்துக்கொண்டான். அவள் நடுங்கிய நடுக்கத்தில் அவன் பல்லும் சேர்ந்து ஆடியது. பிறகு சூடு ஏறியது, வேர்த்தது, விட்டது. ஒருநாள் விட்டு மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தது. பதினெட்டு வருஷம் எந்தச் சனியனை விரட்டினோமோ அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சபைக்கு ஓடினான். நடராஜா கெட்ட மனுஷர் அல்ல. நோய்ப் பாரத்தை எடுத்து அவன் முன்னாலேயே நிரப்ப உட்கார்ந்தார். ஆனால் மலேரியா என்ற வரி பாரத்தில் அடிக்கப்பட்டிருந்தது. மிச்சம் இருந்தவை வயிற்றுப்போக்கு, சொறி, வெட்டுக்காயம், பிரசவம். பிரசவம் என்று போடட்டுமா, அதற்கு அரைப் போத்தல் டெட்டால் தர வழி இருக்கிறது என்று கேட்டார். காய்ச்சலுக்கு டெட்டாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றான் அய்யாவு. விஷயம் விசேஷக் கூட்டத்துக்குப் போனது.

கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. அதற்குள் மேலும் ஏழு வீட்டில் ஆள் படுத்திருந்தார்கள். அது மலேரியா அல்ல என்பதில் உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பிறகு என்ன என்பதில்தான் நேரம் போனது. சோம்பல் என்றார் ஒருவர். பழைய ஆட்சியை நினைத்து ஏங்குவதால் வருவது என்றார் இன்னொருவர், சொல்லிவிட்டு வாசல் பக்கம் பயத்தோடு பார்த்தார். கடைசியில் தலைவர் முடித்து வைத்தார்.

"இந்த நடுக்கம் எங்க வருது? அவங்கவங்க வீட்டுக்குள்ள, அவங்கவங்க பாய்ல வருது. ரோட்ல வந்தா சபை பொறுப்பு. சந்தையில வந்தா சபை பொறுப்பு. வீட்டுக்குள்ள வர்றது தனியார் நடுக்கம். தனியார் விசயத்துக்குச் சபை காசைத் தொட்டா, நாளைக்கு ஜனங்க எங்களைப் பார்த்துக் கேள்வி கேப்பாங்க. அந்த நிலைமை வரக்கூடாதுன்னுதான் நாங்க ராப்பகலா உழைக்கிறோம்."

அன்று முதல் பாரத்தில் தனியார் நடுக்கம் என்று ஒரு வரி சேர்ந்தது. எதிரே, செலவு இல்லை என்று அச்சடித்திருந்தது. வெளியே நடுங்கிப் பொது நடுக்கமாக்கிவிடாமல் இருக்க, காய்ச்சல்காரர்கள் ரோட்டுக்கு வருவதும் தடை செய்யப்பட்டது.

அய்யாவு வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தான். நிலவேம்பு தேடித் தோட்டம் தோட்டமாக அலைந்தான். இராசாத்தியின் கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்க ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் பேச்சைக் குறைத்தாள். பதினோராம் நாள் அவனை, கொஞ்ச நேரம், யாரோ என்று பார்த்தாள். அவன் வெளியே போய் டின்னைக் கட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே, தன் வீட்டுக் கொல்லை முழுக்கத் தண்ணீர் அடித்தான். என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். வளைவைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டார். ஊரே வரிசையில் நின்று குனிந்தது. தலைவர் பரஞ்சோதி முன்னால் நின்று வரவேற்பு உரையை விரித்தார். மலேரியா ஒழிந்த ஊரின் சார்பில் என்று தொடங்கியவருக்குக் குரல் உதறியது. காகிதம் படபடத்தது. பல் கிட்டித்தது. குனிந்தவர் நிமிர முடியாமல் இடுப்போடு நடுங்கிக்கொண்டு நின்றார். அய்யாவு அதைப் பார்த்ததுமே அது என்ன என்று தெரிந்துகொண்டான். அதிகாரி வேறு மாதிரி தெரிந்துகொண்டார். ராஜ விசுவாசத்தில் இப்படி உடம்பே ஆடிப்போன ஒருவரை இந்த வட்டாரத்தில் கண்டதில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லி, தலைவர் முதுகில் தட்டிவிட்டு வண்டி ஏறினார்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். தலைவருக்கு வந்திருப்பது தனியார் நடுக்கம் என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. அவர் ரோட்டிலல்லவா நடுங்கினார். பொது நடுக்கம் என்றால் சபைக்குச் செலவு. மலேரியா என்றால் ஊருக்கே ஆபத்து. ஆனால் பீடோங்கில் மலேரியா இன்னும் சட்டப்படி இருந்தது, கொயினாவும் இருந்தது. ஆகவே, பீடோங் டவுனில் மலேரியா எப்படிப் பரவுகிறது என்பதைத் தலைவர் நேரில் பார்வையிடச் சுற்றுப்பயணம் போவது என்று முடிவானது.

மாட்டு வண்டி கிடைக்கவில்லை. மாடுகள் சாப்பாடாகிப் பல மாதம் ஆயிற்று. எண்ணெய்ப் பீப்பாய் ஏற்றும் பழைய தள்ளுவண்டியில் தலைவரை ஏற்றி, அய்யாவு இழுத்துப் போவது என்று எழுதினார் நடராஜா. விதிப்படி சுற்றுப்பயணத்துக்கு இரண்டு கூலி வேண்டும். இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது என்று அவர் தலையைச் சொறிந்தபோது அய்யாவு வாய் திறந்தான்.

"இராசாத்தி பேரைப் போடுங்க, காரியதரிசி ஐயா."

"அவ படுத்துல்ல கெடக்கா?"

"நடுங்காத நேரத்துல தள்ளுவா லா."

நடராஜா அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை மையில் தொட்டு அந்தப் பெயரை எழுதினார். வயது, உயரம், உடல் பலம் என்று இருந்த இடத்தில் பலம் திருப்தி என்றும் எழுதினார். அவர் சபையில் செய்த ஒரே நல்ல காரியம் ஒருவேளை அதுதான். அதுவும் பொய்க் கணக்காகத்தான் செய்ய முடிந்தது.

விடிந்ததும் புறப்பட்டார்கள். டவுன் எல்லைக் கல் வரைக்கும் இராசாத்தி வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், அல்லது வண்டி அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தது. கல்லைத் தாண்டியதும் அய்யாவு அவளைத் தூக்கித் தலைவர் பக்கத்தில் படுக்க வைத்தான். தலைவருக்கு அப்போது சூடு ஏறியிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டே, அடுத்த வருஷப் பட்ஜெட்டில் இரண்டாவது வளைவு கட்டுவதைப் பற்றி இராசாத்தியிடம் விளக்கிக்கொண்டு வந்தார். ஆறு கல்லும் ரப்பர் மரங்களுக்கு நடுவே சிவந்த மண் ரோடு. இழுப்புக்கு இழுப்பு அய்யாவுக்குக் கண் இருட்டியது. முந்தின நாள் காலையில் தின்ற ஒரு துண்டுக் கிழங்குதான் வயிற்றில்.

பீடோங் மருந்துக் கூடத்தில் டிரஸ்ஸர் சுப்பிரமணியம் வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசை நீளமாக இருந்தது. தலைவரின் முறை வந்ததும் எந்த ஊர் என்று கேட்டார். பரஞ்சோதி அந்தக் காய்ச்சலிலும் தலையைத் தூக்கி, பேர் கூப்பிடும் குரலில் சொன்னார்.

"பாயா மெங்குவாங். மலேரியா ஒழிந்த டவுன்."

டிரஸ்ஸர் பேனாவை வைத்துவிட்டார். மலேரியா ஒழிந்த ஊர்க்காரர்களுக்குக் கொயினா கொடுக்கக் கூடாது, கொடுத்தால் புள்ளிவிவரம் கெட்டுவிடும் என்று சுற்றறிக்கை இருப்பதை அலுப்போடு சொன்னார். வரிசையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. தலைவருக்குப் பேதி உப்பு ஒரு பொட்டலம் கிடைத்தது.

அடுத்தது இராசாத்தி. எந்த ஊர் என்று டிரஸ்ஸர் கேட்டார். மலேரியா ஒழிந்ததாக எழுதிக் கொடுக்காத பக்கத்து ஊர் ஒன்றின் பேரை அய்யாவு சொன்னான்.

"சிடாம் கிரி, ஐயா."

தலைவரும் அவளும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதை டிரஸ்ஸர் பார்த்திருந்தார். அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. சிடாம் கிரி என்று எழுதிக்கொண்டு பன்னிரண்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்தார். நாளைக்கு மூன்று, நாலு நாள். ஒன்று குறைந்தாலும் காய்ச்சல் திரும்பி வரும். இதற்கு மேல் தன்னிடம் கேட்க வேண்டாம் என்றார்.

கடை வரிசைக்கு முன்னால் ஓடிய அஞ்சடி நடைபாதையில் இரண்டு சாக்கை விரித்து இருவரையும் படுக்க வைத்தான். மறுநாள் மத்தியானம் தலைவருக்குச் சூடு விட்டுத் தெளிவு வந்தது. அய்யாவு காகிதத்தைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அவரைப் பார்க்க அய்யாவுக்குப் பாவமாக இருந்தது.

"ஐயா, டிரஸ்ஸர்கிட்ட நான் போய்ச் சொல்றேன். எங்க ஊர்ல கொசு இருக்கு, காய்ச்சல் இருக்கு, தெரியாம எழுதிட்டோம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். அவர் குடுத்துருவார்."

பரஞ்சோதி முழங்கையை ஊன்றித் தலையை நிமிர்த்தினார். பேசியபோது அவர் குரல் சின்னதாக, சாதாரண மனுஷர் குரலாக இருந்தது.

"அரிசி வாங்கித் தின்னாச்சு அய்யாவு. இப்ப மலேரியா ஒழியலேன்னு சொன்னா, அரிசி எங்க போச்சுன்னு கேப்பான். ஜப்பான்காரன் கேக்கிற விதம் உனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. மேஸ்திரி வேலை தருகிறேன் என்றார். சம்பளத்தைக் கூட்டச் சொல்கிறேன் என்றார். பிறகு கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார். மேலிடத்துக் கை எதற்கு நீண்டாலும் மறுத்துப் பழக்கமில்லாதவன் அய்யாவு. அவன் விரல் மாத்திரையைப் பிடித்தபடி இரண்டு சாக்குக்கும் நடுவில் நின்றது. இராசாத்தி விழித்திருந்தாள். அவனையே பார்த்தாள், இந்த முறை யார் என்று தெரிந்து பார்த்தாள்.

அவன் அவள் வாயைத் திறந்து மாத்திரையை வைத்தான். தண்ணீர் ஊற்றினான். அவள் விழுங்கி முடிக்கும் வரைக்கும் தலைவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியபோது நீட்டிய கை கீழே விழுந்திருந்தது. அன்று முழுக்க அய்யாவு அவர் நெற்றிக்கு ஈரத்துணி போட்டான், பேதி உப்பைக் கலக்கிக் கொடுத்தான், குளிர் வந்தபோது தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். மாத்திரையை மட்டும் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் நண்பகலில் பரஞ்சோதி இறந்தார். பீடோங்கில் இறந்ததால் அது பீடோங் கணக்கு என்று பாயா மெங்குவாங் சபை எழுதியது. வேறு ஊர் ஆள், பார்வையிட வந்தவர், தங்கள் கணக்கில் வராது என்று பீடோங்கிலிருந்து பதில் போனது. கடிதம் போய் வந்துகொண்டிருந்தபோதே அய்யாவும் சந்தைக் கூலிகள் இரண்டு பேருமாக அவரைக் கொண்டுபோய் அடக்கம் பண்ணினார்கள். ராஜ விசுவாச உணர்ச்சி மிகுதியால் காலமானார் என்று நடராஜா தீர்மானம் எழுதினார். அதே கூட்டத்தில் அவரே தற்காலிகத் தலைவரானார். மலேரியா ஒழிப்பு தொடரும் என்பது அவருடைய முதல் அறிவிப்பு.

அந்தச் செய்தியை, வளைவுக்குச் சாயம் வாங்க வந்த சபைப் பியூன் அஞ்சடியில் நின்று சொல்லிவிட்டு, எப்போது வேலைக்குத் திரும்புகிறாய் என்று கேட்டான். தஞ்சோங் டாவாயில் கருவாடு காய வைக்க ஆள் எடுக்கிறார்களாம், அங்கே போகிறோம் என்றான் அய்யாவு. அதைச் சொல்லும் வரைக்கும் அது அவனுக்கே தெரியாது.

நாலாம் நாள் கடைசி மாத்திரையும் முடிந்தது. காய்ச்சல் வரும் நேரம் வந்தது. அய்யாவு அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நிழல் ரோட்டைக் கடந்து எதிர்க்கடைச் சுவரில் ஏறியது. நடுக்கம் வரவில்லை. இராசாத்தி எழுந்து தூணில் சாய்ந்துகொண்டாள்.

"பசிக்குது," என்றாள்.

கொயினா காதை அடைத்திருந்ததால் அதைக் கத்திச் சொன்னாள். அஞ்சடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வருஷம் யாரும் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அதுவேதான் இருந்தது. அய்யாவு எழுந்தான். கடை கடையாக ஏறி இறங்கினான். மூன்று கடையில் துரத்தினார்கள். கடைசிக் கடையில், முகம்மது கவுஸ் என்ற பெரியவர் தமக்கு அவித்து வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டை ஒடித்து, இலையில் வைத்துக் கொடுத்தார்.

இராசாத்தி இரண்டு கையாலும் பிடித்துத் தின்றாள். பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அவன் பக்கம் நீட்டினாள்.

"நான் சாப்ட்டேன்," என்றான்.

"என்னாது?"

"நான் சாப்ட்டேன்," என்று கத்தினான்.

அஞ்சடி முழுக்கக் கேட்டது. யாரும் நம்பவில்லை. இராசாத்தி மட்டும் தலையை ஆட்டிவிட்டு மிச்சத்தையும் தின்றாள்.